‘ஐ ஹேவ் கார்’ என்பவருக்கு என்ன பயிற்சி?

கேள்வி: வீட்டிலிருந்தே இணையவழியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கொஞ்ச நாட்களாக ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் மாணவர்களாக வருகிறார்கள். மாஸ்கோக்காரர் ஒருவர், கஜகஸ்தானிலிருந்து இருவர். பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்தால் கோடிட்ட இடங்களை அழகாக நிரப்பிவிடுகிறார்கள். பேச ஆரம்பித்தால் ‘ஐ ஹேவ் கார்’, ‘ஐ டீச்சர்’, ‘இஃப் ஐ வில் கோ’ என்று வருகிறது. நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சிகளையே இவர்களுக்கும் கொடுக்கலாமா, சார்?
— ஒரு வாசகி, கோவை

பதில்: அப்படியே கொடுக்காதீர்கள், அம்மா. அவர்கள் செய்யும் தவறுகளில் ஒரு பகுதி நம் பிள்ளைகளும் செய்வது. மீதி ரஷ்ய மொழிக்கே உரியது. இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் அவர்களுக்கும் பொதுவானதைப் பார்ப்போம். ‘நான் ஆசிரியர்’ என்று தமிழில் சொல்ல நடுவில் வினை எதுவும் வேண்டாம். ரஷ்யரும் ‘யா உச்சீத்தெல்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். அதனால்தான் ‘ஐ டீச்சர்’. நாம் ‘எனக்கு இருபது வயது’, ‘எனக்குக் குளிருகிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்கிறோம். இந்த மூன்றிலும் அவரும் ‘எனக்கு’ என்ற பொருளுள்ள சொல்லைத்தான் போடுவார். ‘என்னிடம் கார் இருக்கிறது’ என்பதும் ஏறக்குறைய அதே அமைப்பு. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஐ’ வந்து முன்னால் உட்கார வேண்டும். அடுத்து, ‘ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அவரும் நிகழ்காலத்தில்தான் சொல்வார். அதனால் அவர் வாயில் ‘ஐ லிவ் ஹியர் ஃபைவ் இயர்ஸ்’ என்று வருகிறது. நம்மவர் வாயில் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’. காரணம் ஒன்றுதான். லண்டனிலிருந்து பாடம் நடத்துகிறவருக்கு இந்தச் சிக்கல் உள்ளிருந்து புரியாது, உங்களுக்குப் புரியும். ஆனால் ஒரு ஆபத்தும் இருக்கிறது. உங்கள் பேச்சிலேயே ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ இருந்தால் மாணவர் அதையும் சேர்த்துப் படித்துக்கொள்வார்.

வேறுபடும் இடத்துக்கு ‘இஃப் ஐ வில் கோ’ நல்ல எடுத்துக்காட்டு. நம்முடைய ‘போனால்’ என்ற சொல்லில் காலமே கிடையாது. ரஷ்ய மொழியிலோ ‘நாளைக்குப் போனால்’ என்பதில் வினை எதிர்காலத்தில்தான் நிற்கும். மாணவர் தன் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றியதால்தான் ஆங்கிலத்தில் வழுக்குகிறார். இரட்டை மறுப்பும் இந்த வகைதான். ‘ஒன்றும்’ என்பதற்கும் ஒரு மறுப்பு, வினைக்கும் ஒரு மறுப்பு போடுவது ரஷ்ய மொழியில் கட்டாயம். ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ அங்கிருந்து வருகிறது.

இனி எ, ஆன், தி. இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ரஷ்ய மொழியில் இவை இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல் இல்லையே தவிர, அது செய்யும் வேலை ரஷ்ய மொழியிலும் நடக்கிறது. ‘அறைக்குள் வந்தாள் சிறுமி’ என்ற வரிசையில் ரஷ்யர் சொன்னால், யாரோ ஒரு சிறுமி என்று பொருள். ‘சிறுமி வந்தாள் அறைக்குள்’ என்றால் நாம் முன்பே பேசிக்கொண்டிருந்த அந்தச் சிறுமி. தெரிந்தது முன்னால், புதியது கடைசியில். ஆங்கிலம் ‘எ’, ‘தி’ கொண்டு காட்டுவதை ரஷ்ய மொழி சொல் வரிசையால் காட்டுகிறது. நாம் ‘ஒரு’, ‘அந்த’ என்று சொல்லிக் காட்டுகிறோம். ஆகவே புதியது, தெரிந்தது என்ற வேறுபாட்டை நீங்கள் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

புத்தகத்தில் சரியாக எழுதுகிறவர் பேச்சில் ஏன் விழுகிறார் என்றால், கோடிட்ட இடமே அவருக்குக் குறிப்பு. இங்கே ஏதோ ஒன்று வர வேண்டும் என்று கோடு சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பேசும்போது கோடு போட்டுத் தர ஆள் இல்லை. ரஷ்யப் பள்ளிகளின் பயிற்சி மரபும் கோடு நிரப்புவதில் தேர்ந்தது. அங்கே பள்ளியிறுதியில் எழுதும் ‘யெகெ’ என்ற பொதுத் தேர்வின் ஆங்கிலத் தாளில், கொடுத்த சொல்லை வேண்டிய வடிவத்துக்கு மாற்றி இடைவெளியில் எழுதும் பகுதி முக்கியமானது. பேச்சுத் தேர்வு அதில் 2015-இல்தான் சேர்ந்தது. உங்கள் மாணவர்கள் அந்த எழுத்து மரபில் வளர்ந்தவர்களாக இருக்கலாம்.

எனவே கோட்டை எடுத்துவிடுங்கள். ஒரு சிறு செய்தியை எடுத்து, அதிலுள்ள எ, ஆன், தி எல்லாவற்றையும் அழித்து, இடைவெளியே தெரியாதபடி தட்டச்சு செய்து கொடுங்கள். உடனே நிரப்பச் சொல்ல வேண்டாம். முதலில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் மேலும் ‘புதியது’ அல்லது ‘தெரிந்தது’ என்று அவர் குறிக்கட்டும். அடுத்து, அது எண்ணக்கூடியதா என்று கேளுங்கள். அதன் பிறகுதான் எ, ஆன், தி. கடைசியில் தாளை மூடிவிட்டு அதே செய்தியை வாயால் சொல்லச் சொல்லுங்கள். பயிற்சி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. அதுவரை நடந்ததெல்லாம் ஆயத்தம்.

இன்னொன்று. சோவியத் பள்ளியில் ஆங்கிலம் படித்துப் பிறகு எல்லாவற்றையும் மறந்துபோனவரைக் கேட்டாலும், லண்டன் எந்த நாட்டின் தலைநகர் என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ‘தி’ விடாமல் ஒப்பிப்பார். அங்கே அது நிரந்தரக் கேலிப்பொருள். கேலியில் ஒரு செய்தி இருக்கிறது. முழுசாக வாயில் ஏறியது உதிர்வதில்லை. ‘இன் தி மார்னிங்’, ‘கோ டு பெட்’, ‘ப்ளே தி பியானோ’ போன்றவற்றுக்கு விதி சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், அப்படியே ஏற்றிவிடுங்கள்.

காலங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த மாதம் கேட்பீர்கள். ரஷ்ய மொழியில் இறந்தகாலம் ஒன்றுதான். ஆனால் வினைகள் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும்: ‘சித்தால்’ என்றால் படித்தேன் அல்லது படித்துக்கொண்டிருந்தேன், ‘ப்ரச்சித்தால்’ என்றால் படித்து முடித்துவிட்டேன். ‘முடித்துவிட்டேன்’ என்று மனதில் வந்ததும் மாணவர் ‘ஹேவ் ரெட்’ போட்டுவிடுகிறார். ‘ஐ ஹேவ் ரெட் இட் யெஸ்டர்டே’ பிறப்பது இப்படித்தான். முடிந்ததா என்பது இங்கே கேள்வியில்லை. எப்போது என்று சொல்லிவிட்டோமா என்பதுதான் கேள்வி. ஒரே வினையை வைத்துக்கொண்டு ‘யெஸ்டர்டே’, ‘ஆல்ரெடி’, ‘இன் 2019’, ‘எவர்’ என்று நீங்கள் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், அவர் வாக்கியத்தைச் சொல்லட்டும். பேனா வேண்டாம், வேகம் வேண்டும்.

கேள்வி: ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறேன். விடுதி அறையில் உடனிருக்கும் ரஷ்ய நண்பன் எனக்கு ரஷ்ய மொழி சொல்லித் தருகிறான், பதிலுக்கு நான் அவனுக்கு ஆங்கிலம். தொண்டை வலிக்கு ‘ஐ ஹேவ் ஆஞ்சினா’ என்றான், பயந்துபோனேன். சொற்களை எப்படிப் பயிற்றுவிப்பது?
— ஒரு மாணவர்

பதில்: தம்பி, பயம் நியாயமானது. ரஷ்ய மொழியில் ‘அங்கீனா’ என்றால் தொண்டைச் சதை அழற்சி, நாம் டான்சில் என்கிறோமே, அது. இதயம் சம்பந்தப்பட்ட ஆஞ்சினாவை அவர்கள் ‘ஸ்தெனகர்தீயா’ என்பார்கள். இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள். ‘தாத்தாவுக்கு இன்சல்ட்’ என்று நண்பன் சொன்னால் யாரும் அவரை அவமானப்படுத்தவில்லை, அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. ‘ரெசிப்ட்’ வேண்டும் என்று கேட்டால் மருந்துச்சீட்டைக் கேட்கிறான் என்று புரிந்துகொள். நாளை நோயாளி முன்னால் நிற்கும்போது இவை வேடிக்கையாக இருக்காது.

மருத்துவத்துக்கு வெளியேயும் இப்படி நிறைய உண்டு. ‘மகஸீன்’ கடை, ‘ஃபமீலியா’ குடும்பப்பெயர், ‘சிம்பதீச்னி’ பார்க்க லட்சணமானவர், ‘தெகாதா’ பத்து நாள். இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதே. பட்டியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இன்னும் குழம்பும். ஒவ்வொன்றுக்கும் அவனுடைய வாழ்க்கையிலிருந்தே இரண்டு வாக்கியம் சொல்ல வை. ஒன்றில் ஆங்கிலச் சொல், மற்றதில் ரஷ்யச் சொல்லுக்குச் சரியான ஆங்கிலம். ‘ஐ பாட் எ மேகஸீன் இன் தி ஷாப்’ என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டும் அடங்குவது உன் அதிர்ஷ்டம்.

உடலுறுப்புகளில் நீங்கள் இருவரும் ஒரே கட்சி. ‘ருகா’ என்பது தோளிலிருந்து விரல் வரை நம் ‘கை’ மாதிரியேதான், ‘நகா’ நம் ‘கால்’ மாதிரி, ‘பாலெத்ஸ்’ நம் ‘விரல்’ மாதிரி. ஆர்ம், ஹேண்ட், லெக், ஃபுட், ஃபிங்கர், டோ என்று ஆங்கிலம் பிரிப்பது இருவருக்குமே தொல்லை. உடற்கூறு வகுப்புப் படத்தை வைத்துக்கொண்டு சேர்ந்தே பழகுங்கள். கூடவே, பணத்துக்கான ரஷ்யச் சொல் பன்மை. ‘மை மனி ஆர்’ என்பான், உடனுக்குடன் திருத்து.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு ரஷ்ய மொழி பேசும் வாடிக்கையாளர்கள் உண்டு. ‘கிவ் மீ ப்ளீஸ் தி ரிப்போர்ட்’ என்று மின்னஞ்சல் வருகிறது. ஏதாவது கேட்டால் ‘ஆஃப் கோர்ஸ்’ என்கிறார்கள். கோபக்காரர்களா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: இல்லை. நாம் ‘குடு’ என்பதை ‘குடுங்க’ என்றாக்கி மரியாதையை முடித்துக்கொள்வதுபோல், ரஷ்யரும் ஏவல் வினையின் கடைசியில் ‘தெ’ சேர்த்து முடித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் அந்த ‘ங்க’ இல்லை. ‘குட் யூ’ என்று வாக்கியத்தை நீட்டித்தான் மரியாதையைக் காட்ட முடியும். அவர்கள் நீட்டாததால் அதட்டலாகக் கேட்கிறது. ‘ஆஃப் கோர்ஸ்’ அவர்களுக்குச் சாதாரண ‘ஆமாம்’. ஆங்கிலக் காதில் ‘இதுகூடத் தெரியாதா’ என்று விழும். நீங்கள் ‘ஷ்யூர்’ என்றே பதில் எழுதி வந்தால் சிலர் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: என் உச்சரிப்பு தமிழ் உச்சரிப்பு. ரஷ்ய மாணவருக்கு அதைக் கற்றுக்கொடுத்துக் கெடுத்துவிடுவேனோ? புத்தகமும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உச்சரிப்பே இல்லாமல் படிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். குழந்தைப் பாடல்களால் ரஷ்யாவெங்கும் அறியப்பட்ட கர்நேய் சுகோவ்ஸ்கி தானாகவே ஆங்கிலம் படித்தவர். அவருக்குக் கிடைத்த பழைய புத்தகத்தில் உச்சரிப்புப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. 1903-இல் ஒடெசா நாளிதழின் நிருபராக லண்டன் போனவருக்கு, அங்கே ஜனங்கள் பேசுவது புரியவில்லை. பிற்பாடு 1962-இல் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது என்பது வேறு கதை.

உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. ‘ஷிப்’, ‘ஷீப்’ வேறுபாடு குறில் நெடில் பழகிய தமிழ் நாக்குக்கு எளிது. ரஷ்ய மொழியில் உயிரின் நீளம் பொருளை மாற்றாது, எனவே அவர்களுக்குக் கடினம். சொல்லின் கடைசி மெய்யையும் கவனியுங்கள், அவர்கள் ‘பேட்’ (bad) என்று கெட்டதைச் சொல்ல வந்தால் மட்டைபோலவே (bat) ஒலிக்கும். ‘த’ ஒலிக்கு ‘ஸ’ போடுவார்கள்.

புத்தகம்: ரஷ்யாவில் பழைய தலைமுறைக்கு நத்தாலியா போன்க் குழுவினரின் பாடநூல், பள்ளிப் பிள்ளைகளுக்கு கலித்ஸீன்ஸ்கியின் இலக்கணப் பயிற்சித் தொகுப்பு. மாணவரிடம் இவற்றில் ஒன்று ஏற்கெனவே இருந்தால் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள், வீட்டுப்பாடத்துக்கு அது போதும். வகுப்புக்கு ரேமண்ட் மர்ஃபியின் நீல அட்டை இலக்கணம் நல்லது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. வலப்பக்கத்தை மாணவர் எழுதி முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, அதே கேள்விகளை நீங்கள் வாயால் கேளுங்கள்.