காட்டின் நோயறிவோம்

முன்னுரை

நமக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். ஆடு மாடுகளுக்கு நோய் கண்டாலும் வைத்தியம் பார்க்கிறோம். காட்டிலுள்ள மரத்திற்கு நோய் வந்தால் அது யாரிடம் சொல்லும்? மரத்திற்கு வாய் இல்லை. ஆயினும் இலையிலும் பட்டையிலும் கிளையிலும் அது தன் நோயை எழுதிக் காட்டுகிறது. நோய் எது, அதன் காரணம் எது, அதைத் தணிக்கும் வழி எது என்று ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறார் வள்ளுவர். இவ்வறிவுரை காட்டிற்கும் பொருந்தும் என்பதை மூன்று மரங்களைக் கொண்டு காண்போம்.

தேக்கும் இரு புழுக்களும்

கேரளத்தில் நிலம்பூர் என்னும் ஊரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் வளர்க்கத் தொடங்கினர். கோடை மழை பெய்து தேக்கு துளிர்க்கும்போது ஒருவகை அந்துப்பூச்சி கூட்டமாக வந்து இளந்தளிர்களில் முட்டையிடுகிறது. அம்முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள், பெரிய நரம்புகளை மட்டும் விட்டுவிட்டு இலை முழுவதையும் தின்று தீர்க்கின்றன. சில நாட்களில் தோட்டமே மொட்டையாகிவிடும். ஆயினும் மரம் சாவதில்லை, மீண்டும் துளிர்க்கிறது. அப்படியானால் நட்டம் இல்லையா? உண்டு. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்புழுவினால் இளந்தேக்குத் தோட்டங்கள் தம் வளர்ச்சியில் சுமார் 44 விழுக்காட்டை இழக்கின்றன.

அதே தேக்கில், ஆண்டின் பிற்பகுதியில் வேறொரு புழு தோன்றுகிறது. இது நரம்புகளுக்கு இடையிலுள்ள பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். இலை சல்லடைபோல் ஆகிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காடே தீயில் கருகியதுபோல் தோன்றும். ஆனால் அவை விரைவில் உதிரப்போகும் முதிர்ந்த இலைகளே. ஆகையால் இழப்பு மிகக் குறைவு.

எனவே எந்த மாதம், இலையில் எஞ்சியிருப்பது என்ன என்னும் இரண்டையும் பார்த்தாலே எந்தப் புழு என்று தெரிந்துவிடும். முதல் புழுவைக் கொல்லும் வைரஸ் ஒன்று இயற்கையிலேயே உண்டு. பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாத அதனைத் தெளிப்பு மருந்தாக ஆக்கும் முறையையும் அந்நிறுவனத்தாரே கண்டனர்.

சால மரமும் துளைக்கும் வண்டும்

மத்தியப் பிரதேசத்தின் சால மரக் காடுகளில் நோய் இவ்வாறு வெளிப்படையாகத் தெரிவதில்லை. இலை பசுமையாக இருக்கும்போதே, பட்டையில் பிசின் வடியும். அடிமரத்தைச் சுற்றி மரத்தூள் குவிந்து கிடக்கும். பருவமழையின் முதல் தூறலோடு வெளிவரும் ஒரு வண்டு பட்டையில் முட்டையிட, அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் தின்று, பின் மரத்தின் உட்புறத்தையும் துளைக்கின்றன. சாதாரண ஆண்டுகளில் நலிந்த மரங்களையும் விழுந்த மரங்களையுமே இவ்வண்டு நாடும். பெருகிவிட்டாலோ நல்ல மரங்களையும் விடாது. 1990களின் பிற்பகுதியில் மண்டலா பகுதியில் இலட்சக்கணக்கான மரங்கள் இதற்கு இரையாயின.

இதற்குக் கண்ட வழி வியப்பானது. வெட்டிய சால மரத்தின் சாற்று மணம் இவ்வண்டுக்கு மிகவும் பிடிக்கும். மழைக்காலத்தில் சில மரங்களை வெட்டித் துண்டுகளாக்கி, பட்டை நையும்படி அடித்துக் காட்டில் போட்டு வைப்பார்கள். வண்டுகள் கூட்டமாக வந்து சாற்றைக் குடித்து மயங்கிக் கிடக்கும். அவற்றைக் கையால் பொறுக்கி அழித்துவிடுவார்கள். காடு முழுவதும் நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை. பகைவனின் பழக்கத்தை அறிந்தால் அதுவே ஆயுதமாகிறது!

சந்தனமும் தீராத நோயும்

மூன்றாவது நமக்கு நெருக்கமான மரம். சந்தன மரத்தின் 'ஸ்பைக்' நோய் 1899இல் குடகு நாட்டில் முதன்முதலாக அறியப்பட்டது. பின்னர் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் சந்தனக் காடுகளிலும் காணப்பட்டது. நோயுற்ற மரத்தின் இலைகள் வரவரச் சிறுத்து, விறைத்து நிற்கும். கணுக்களின் இடைவெளி குறையும். கிளை ஒரு தூரிகைபோல் தோன்றும். பூப்பதும் காய்ப்பதும் நின்று, இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பெரும்பாலும் பட்டுவிடும்.

நெடுங்காலம் இதனை வைரஸ் நோய் என்றே எண்ணியிருந்தனர். 1969இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால், செல்சுவர் இல்லாத மிக நுண்ணிய உயிரி நோயுற்ற மரத்தில் இருப்பது தெரிய வந்தது. இன்று அதனைப் பைட்டோபிளாஸ்மா என்கிறார்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகள் இதனைப் பரப்புகின்றன. மரத்தினுள் மருந்து செலுத்தினால் சில மாதம் குணமானதுபோல் தெரியும். பின்பு நோய் திரும்பிவிடும். முழுமையாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. நோயுற்ற மரத்தை விரைவில் கண்டு அகற்றுவதும், நோயற்ற மரங்களின் விதையிலிருந்து புதிய கன்றுகளை வளர்ப்பதுமே இப்போதைய வழி. சந்தனத்தில் மணமுள்ள வைரம் பாயப் பல ஆண்டுகளாகின்றன. அதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும்.

முடிவுரை

தோழியரே! பார்வைக்குப் பயங்கரமாக இருந்த சல்லடை இலை மரத்தைக் கொல்லவில்லை. அடிமரத்தில் கிடந்த ஒரு பிடி மரத்தூளோ மரணத்தின் அறிகுறியாக இருந்தது. ஆகவே இலை வாடியவுடன் கோடரியைத் தேடுவதும் தவறு. பச்சையாக இருக்கிறதே என்று வாளாவிருப்பதும் தவறு.

நம் பள்ளித் தோட்டத்திலும் வீட்டு முற்றத்திலும் உள்ள மரங்களிலேயே இப்பயிற்சியைத் தொடங்கலாம். வாடியது இளந்தளிரா, முதிர்ந்த இலையா? கடித்த தடம் உண்டா? பட்டையில் துளையோ பிசினோ தெரிகிறதா? அடியில் தூள் கிடக்கிறதா? பக்கத்து மரமும் அவ்வாறே உள்ளதா? இவற்றைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி, வனத்துறையினரிடமோ வேளாண்மை அலுவலரிடமோ காட்டுவோம். வாயில்லாத மரத்திற்காகப் பேச, கண்ணுள்ள நாம் இருக்கிறோம் அல்லவா?