ஆறு வயது என்று கெடு வைத்தது யார்?

"ஆறு வயசுக்குள்ள மூளை தொண்ணூறு சதவீதம் வளர்ந்துடுமாமே டாக்டர், அதுக்கப்புறம் எதுல சேர்த்தாலும் பிரயோஜனம் இல்லையாமே?"

கண் பரிசோதனைக்குக் குழந்தையைக் கூட்டிவரும் பெற்றோர் கண்ணாடியைப் பற்றிக் கேட்பதைவிட இதைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். யார் சொன்னது என்றால், அபாகஸ் டெமோ வகுப்பில் சொன்னார்கள், பள்ளி அட்மிஷன் கூட்டத்தில் சொன்னார்கள், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்தது என்கிறார்கள். பக்கத்தில் நாலரை வயதுப் பிள்ளை தூங்கி வழியும். திங்கள் போனிக்ஸ், செவ்வாய் அபாகஸ், புதன் கீபோர்டு, சனி ஞாயிறில் செஸ்ஸும் கோடிங்கும். போதாதென்று, பெயர்பெற்ற பள்ளியில் எல்கேஜி இடம் வாங்க வங்கிக் கடன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரே பயம்.

தொண்ணூறு சதவீதம் என்பது மூளையின் அளவு. ஆறு வயதுக் குழந்தையின் மூளை ஏறத்தாழ அந்த அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது, உண்மைதான். ஆனால் அளவு வேறு, திறன் வேறு. அந்த வயதுக்குள் நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகளைப் பெருக்க வேண்டும் என்பது இன்னொரு கதை. பீட்டர் ஹுட்டன்லோக்கர் என்ற நரம்பியல் மருத்துவர் இந்த இணைப்புகளை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தார். பார்வைக்கான மூளைப் பகுதியில் அவை முதல் வயதுக்குள் உச்சத்தைத் தொடுகின்றன, பிறகு குறைகின்றன. திட்டமிடுவதற்கும் பொறுமைக்கும் உரிய மூளையின் முன்பகுதியில் இந்தக் கழித்துக்கட்டும் வேலை பதின்பருவம் வரை நீள்கிறது. வளர்ச்சி என்பதே பாதிக்குப் பாதி தேவையற்றதைக் களைவதுதான். இணைப்பு கூடினால் அறிவு கூடும் என்று விற்பவர்களுக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை.

சரி, இந்தக் கெடு எங்கிருந்து வந்தது? என் துறையிலிருந்துதான் வந்தது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். 1960களில் டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடினார்கள். சில மாதம் கழித்துத் திறந்தபோது, கண் நன்றாகவே இருந்தும் அந்தக் கண்ணால் பூனைக்குப் பார்வை இல்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது எந்தக் கெடுதலும் நேரவில்லை. பார்வைக்கு ஒரு பருவம் உண்டு என்று இதிலிருந்து தெரிந்தது. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பூனைக்குட்டிக்குக் கிடைக்காமல் போனது எது? சாதாரண வெளிச்சமும் உருவங்களும். எந்த வீட்டிலும் காசில்லாமல் கிடைப்பவை. தைக்கப்படாத கண்ணோடு வளர்ந்த பூனைக்குக் கூடுதல் வகுப்பு எடுத்து அதன் பார்வையைக் கூர்மையாக்கினார்கள் என்று அந்த ஆய்வில் எங்கும் இல்லை. இயல்பானது முற்றிலும் மறுக்கப்பட்டால் கேடு வரும் என்ற கண்டுபிடிப்பை, இயல்புக்கு மேல் திணித்தால் மேதை பிறப்பான் என்று புரட்டிப் போட்டிருக்கிறார்கள். செஸ்ஸுக்கும் கீபோர்டுக்கும் அப்படி மூடும் பருவம் எதுவும் கிடையாது.

பார்வையிலேயேகூடக் கதவு அவ்வளவு இறுக்கமாக மூடுவதில்லை. எம்ஐடி பேராசிரியர் பவன் சின்ஹா டெல்லியில் நடத்திவரும் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு இருந்த வட இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டு வயது தாண்டியும், பதினேழிலும்கூட அறுவை சிகிச்சை செய்தார்கள். கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண அவர்களுக்கு முதலில் தெரியவில்லை. சில நாட்களிலேயே கற்கத் தொடங்கினார்கள். பார்வையின் கூர்மை முழுதாக வரவில்லை. ஆனால் பார்க்கக் கற்றார்கள். பார்வைக்கே இது முடியுமென்றால், பத்து வயதில் வாய்ப்பாடு ஏறாதா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று பாட்டி சொல்வார். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சேர்ந்த பெண்களைப் பாருங்கள் பாட்டி. கல்லுடைத்தவர்கள், வயலில் நின்றவர்கள். எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்று கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கிறார்களே, அது ஏமாற்று. நடுமூளை பிறக்கும்போதே வேலை செய்கிறது. வெளிச்சம் பட்டதும் கண்பாவை சுருங்குவதும், விழி மேலும் கீழும் திரும்புவதும் அதன் வேலை. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாகத்தான் பிள்ளை பார்க்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் நாங்கள் ஒட்டும் பஞ்சுத் திண்டை வைத்து, சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பு நின்றுவிடும். இதில் எனக்கு மிகவும் வலிப்பது, பொய் சொல்லப் பிள்ளையைப் பழக்குகிறோம் என்பதுதான்.

மொசார்ட் இசை கேட்டால் அறிவு வளரும் என்ற பேச்சு வந்தது 1993இல் கல்லூரி மாணவர்கள் 36 பேரிடம் செய்த சோதனையிலிருந்து. ஒரு குழந்தைகூட அதில் இல்லை. பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை.

பெரிய பள்ளிதான் பிள்ளையை ஆளாக்கும் என்கிறீர்களா? பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் புகழ்பெற்ற நுழைவுத்தேர்வுப் பள்ளிகளில் மயிரிழையில் இடம் பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. பிந்தைய மதிப்பெண்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை வடிகட்டி எடுத்துக்கொண்டு, பெயரைப் பள்ளி வாங்கிக்கொள்கிறது. நம் ஊரில் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளை வடிகட்டுவதே சட்டவிரோதம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். இதைத் தெரிந்துகொண்டு பள்ளி இன்டர்வியூ அறையில் உட்காருங்கள்.

மாலை முழுவதையும் வகுப்பறைக்குள் அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். இரண்டாம் வகுப்பிலேயே கிட்டப்பார்வை. சீனாவின் குவாங்சோவில் ஆறு வயதுப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், வழக்கப்படி இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம் பேருக்கு. செலவு எதுவும் இல்லை. தெருவோ மொட்டைமாடியோ பகல் வெளிச்சத்தில் இருந்தால் போதும். அபாகஸை நிறுத்தினால் அந்த நாற்பது நிமிடம் கிடைத்துவிடும்.

சீக்கிரம், சீக்கிரம் என்று உங்களுக்கு இருக்கும் பதற்றத்தை உண்மையிலேயே காலக்கெடு உள்ள காரியங்களில் காட்டுங்கள். கண்பாவையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் மூன்று, நான்கு வயதில் ஒரு முறை, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு கண் பார்வை மங்கிய சோம்பேறிக் கண்ணாக இருப்பது இன்னொரு கண்ணால் ஓடியாடும் குழந்தைக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஏழு வயதுக்குப் பிறகும் பலருக்குச் சிகிச்சை பலிக்கிறது, முன்னால் வந்தால் இன்னும் எளிது. அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.