ஒரு மணி நேரப் பறத்தல், அரை நாள் பயணம்

சென்னை–திருச்சி வான்வழி சுமார் 300 கி.மீ. டிக்கெட்டில் ஒரு மணி நேரம்தான். ஆனால் ஆவடி பக்கத்துக் கோவில்பதாகைக்காரர்கள் கணக்கை வீட்டு வாசலிலிருந்து போட வேண்டும்.

மீனம்பாக்கம் விமான நிலையம் போக காரில் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். காலை நெரிசல் என்றால் ஆவடியில் மின்சார ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் போவதே நிம்மதி. உள்நாட்டு விமானங்களுக்கு இரண்டு முனையங்கள்: டி1, டி4. எது என்று கிளம்பும் முன்பே டிக்கெட்டில் பாருங்கள். பெட்டி போடும் கவுன்ட்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடும்.

இப்படி வீட்டு வாசலிலிருந்து திருச்சி சேர மொத்தம் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். வந்தே பாரத் எழும்பூரிலிருந்து நாலு மணி நேரத்தில் திருச்சி சேர்க்கிறது! மதுரைக்கும் (சுமார் 420 கி.மீ.) பெரிய லாபமில்லை. தூத்துக்குடிக்கு ரயிலில் ஓர் இரவே போய்விடும் என்பதால், அங்கே விமானம் சரி.

டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்கும்வரை. வானில் இருப்பது அதைவிடக் குறைவு. இறக்கைக் காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம் என்றால் கொஞ்சம் கூடும்.