கடலுக்கு மெல்லிய கோல்



பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவுக்குப் போன்ஃபிஷ் பிடிக்கப் புறப்படுவதாகவும், அனுபவஸ்தர்கள் எல்லோரும் 8-ஆம் எண் தூண்டில் கோலைச் சிபாரிசு செய்தபோதிலும், ஆற்றில் டிரவுட் மீனுக்குப் பழகிய உன் 6-ஆம் எண் கோலையே கொண்டுபோக ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தாய். உன் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அந்தக் கோலை எப்போது எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்பதைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

இறகும் மயிரும் வைத்துக் கட்டிய பொய்யிரைக்குத் தனக்கென்று கனம் கிடையாதாகையால், அதைத் தூரத்துக்குச் சுமந்து செல்வது நூலின் கனமே. நீ சொல்லும் எண்ணும் அந்த நூலுக்குரியதேயன்றிக் கோலின் எடையைக் குறிப்பதன்று. நூலின் முதல் 30 அடி, 6-ஆம் எண்ணில் சுமார் 10 கிராமும் 8-ஆம் எண்ணில் சுமார் 13½ கிராமும் இருக்கும். கார்பன் இழைக் கோல்கள் வந்துவிட்ட இக்காலத்தில் இரண்டு கோல்களுக்கும் கையில் தெரியும் பேதம் அற்பம். தண்ணீரில் தெரியும் பேதமோ பெரிது.

காற்றெழாத விடியற்காலையில், முழங்காலுக்கும் கீழான ஆழத்தில், போன்ஃபிஷ் தலையை மணலில் கவிழ்த்து நண்டையும் இறாலையும் கிளறும்போது, அதன் வால்நுனி நீருக்கு மேலே வெள்ளியாய் மின்னிச் சாய்வதைக் காண்பாய். அந்த க்ஷணத்தில் கனத்த நூல் நீரில் அறைந்து விழுந்தால் கூட்டம் முழுவதும் சிதறி ஓடிவிடும். மெல்லிய நூலோ ஓசையின்றி இறங்கும். உன் 6-ஆம் எண் கோலுக்குரிய வேளை இதுதான், இதில் அதற்கு இணையில்லை என்பதே என் அபிப்பிராயம். சூரியன் ஏறிக் காற்று வலுத்த பிறகு அதே நூல் எதிர்க்காற்றில் மடிந்து உன் காலடியிலேயே விழும். அதனுடன் மல்லுக்கட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

மீன் இரையைக் கவ்வியதும் டிரவுட்டுக்குச் செய்வதுபோலக் கோலை உயர்த்திவிடாதே. கோலை நீரை நோக்கியே வைத்து, இடக்கையால் நூலை நீளமாக இழுத்து முள்ளைப் பதிய வை. பிறகு அது ஓடும் ஓட்டத்தில் ரீலிலிருந்து நூல் முழுவதும் போய், அதன் பின்னே கட்டிய அடிநூலும் வெகுதூரம் உருவிக்கொண்டு போகும். ஓட்டம் ஓய்ந்ததும் கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சாய்த்து, நுனியை நம்பாமல் அடிப்பாகத்தின் பலத்தால் இழு. மீன் இடப்புறம் திரும்பினால் நீ வலப்புறம் இழு. மெல்லிய கோலுக்கு, நூலின் நுனியில் கட்டும் நரம்பும் மெல்லியதாக இருப்பதே பொருத்தம் என்று எண்ணிவிடாதே. நுனி நரம்பு வலுவாகவே இருக்கட்டும்.

போராட்டத்தைச் சீக்கிரம் முடிக்கும்படி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நெடுநேரம் போராடிக் களைத்த போன்ஃபிஷை நீ விட்டுவிட்டாலும், நேராக நீந்தத் திராணியற்று அது தள்ளாடும்போது, அந்த ஆழமற்ற மணல்திட்டுகளில் திரியும் லெமன் சுறாவும் சீலாவும் அதை விட்டுவைப்பதில்லை. மீனை அதிக நேரம் போராடவிடுவதைத் திறமையென்று கொண்டாடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு விலையாக ஒரு ஜீவன் போவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஃபுளோரிடாவில் 2013 முதல் போன்ஃபிஷைப் பிடித்தால் விட்டேயாக வேண்டுமென்பது சட்டம். விடப்பட்ட மீன் பிழைத்தால்தானே அந்தச் சட்டத்துக்கு அர்த்தம்?

ஆகையால் முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடு. கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்று. படம் எடுப்பதற்காக அதைக் காற்றில் தூக்கி நிறுத்தாதே. சுறா நடமாட்டம் கண்டால் அவ்விடத்தில் தூண்டில் வீசுவதையே நிறுத்திவிடு. மாலையில் ரீலையும் கோலின் வளையங்களையும் நன்னீரில் அலசுவது அவசியம்.

8-ஆம் எண் கோல் ஒன்றையும் தவறாமல் உடன் எடுத்துச் செல், தம்பி. காற்று எழுந்ததும் தயங்காமல் அதற்கு மாறிவிடு.