முகச் சருமத்தை அறிந்து பராமரியுங்கள்

வயது கூடும்போது சருமத்தில் எண்ணெய்ப் பசை குறைகிறது. இளவயதில் ஒத்துக்கொண்ட சோப்பும் கிரீமும் இப்போது எரிச்சல் தரலாம்.

உங்கள் சரும வகை என்ன?

முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

• இறுக்கமாக உணர்ந்தால், அது வறண்ட சருமம். கெட்டியான கிரீம் பூசுங்கள்.
• முகம் முழுவதும் பளபளத்தால், எண்ணெய்ச் சருமம். ஜெல் அல்லது லோஷன் போதும்.
• நெற்றியும் மூக்கும் மட்டும் பளபளத்தால், கலப்புச் சருமம். கன்னங்களுக்கு மட்டும் கிரீம் பூசுங்கள்.
• எரிச்சலோ சிவப்போ தெரிந்தால், வாசனை சேர்க்காத கிரீமையே வாங்குங்கள்.

அன்றாடப் பராமரிப்பு

• வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் காயுமுன் கிரீம் பூசுங்கள்.
• வெளியே செல்லுமுன் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் பூசுங்கள்.
• எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்காதீர்கள். அது சருமத்தைப் புண்ணாக்கலாம்.
• ஒட்டுப் பொட்டு வைக்குமிடத்தில் அரிப்போ நிறமாற்றமோ தெரிந்தால், அதை நிறுத்துங்கள்.

சிவப்பழகு கிரீம்கள்: எச்சரிக்கை

சில நாட்களில் நிறம் மாறும் என்று விற்கப்படும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டறிந்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். தயாரிப்பாளர் பெயரும் சேர்மானப் பட்டியலும் இல்லாத கிரீமை வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசி வந்தால், அந்த டப்பாவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கழுத்து கருத்துத் தடித்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள்; அது நீரிழிவின் அறிகுறியாக இருக்கலாம். ஆறாத புண், வடிவமோ நிறமோ மாறும் மச்சம் இருந்தாலும் பலதுறை மருந்தகத்தையோ உங்கள் குடும்ப மருத்துவரையோ நாடுங்கள்.