பத்துப் பேர் வீடு, ஒன்பதரை மணி அலுவலகம்

மாமனார், மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள். பத்து தட்டு. நான்கு பேர் வேலைக்கும் நான்கு பேர் பள்ளிக்கும் கிளம்பினால் எட்டரை மணிக்குள் எட்டு டிபன் பாக்ஸ் மூடியிருக்க வேண்டும். மதுரையிலும் சேலத்திலும் திருச்சியிலும் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டு, வேலையையும் விடாமல் தொடர நினைக்கிற பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். அவளைக் கட்டியவரும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் நல்லது.

முதலில் ஒரு கணக்கு. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். பெண்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! எட்டு மணி நேர அலுவலகமும் போக வர ஒன்றரை மணி நேரப் பேருந்தும் இதோடு சேர்ந்தால் தூங்க என்ன மிஞ்சும்? யோசிக்கிற நேரம் வேறு இருக்கிறது. உளுந்து தீரப்போகிறது, நாளைக்கு அமாவாசை, சின்னவனுக்கு வெள்ளைச் சட்டை வேண்டும் என்று அலுவலக மேசையில் உட்கார்ந்தும் ஓடிக்கொண்டிருக்கிற யோசனையை நிமிடக் கணக்கில் யார் எழுதுவது? பெரிய குடும்பத்தில் வேலைக்குப் போகிற பெண்ணை உண்மையில் சோர்வடைய வைப்பது இந்த யோசனைதான்.

ஆகவே வேலையைத் துண்டு துண்டாகப் பங்கு போடாதீர்கள். "கொஞ்சம் வெங்காயம் நறுக்கித் தர்றீங்களா" என்று கேட்டால் கை வேலை குறையும். எத்தனை வெங்காயம், எந்த அளவு, எப்போது என்பது உங்கள் தலையிலேயே நிற்கும். ஒரு பொறுப்பைக் கொடுத்தால் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருவரிடமே கொடுங்கள். பால் மாமனாருடையது என்றால், பால்காரரிடம் கணக்கு, மாதக் கடைசியில் பணம், விருந்தாளி வரும் நாளில் கூடுதலாகச் சொல்வது, காலையில் காய்ச்சி இறக்குவது எல்லாம் அவருடையது. சமையல் எரிவாயு கொழுந்தனாருடையது என்றால், சிலிண்டரை மாற்றுகிறவரே அன்றைக்கே அடுத்ததற்குப் பதிவு செய்ய வேண்டும். பத்துப் பேர் சமையலுக்கு 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று மாதம் முழுக்க வருவதே கஷ்டம். இரட்டைச் சிலிண்டர் இணைப்பு இல்லாத வீடு முதல் வேலையாக அதை வாங்கிக்கொள்ளட்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பள்ளியிலிருந்து வந்ததும் தாங்களே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். பையனுக்கும் இதே சட்டம்தான்.

கொடுத்த பிறகு தலையிடாதீர்கள். மாமனார் ஒருநாள் பாலைப் பொங்க விட்டால் விடட்டும். துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

காய்கறியைக் கணவரிடம் கொடுங்கள். 1999இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை போனால் ஐந்து நாள் காய் வந்துவிடும். முடிந்தால் அந்த ஒரு நடைக்கு இருவரும் வண்டியில் சேர்ந்தே போங்கள். பத்துப் பேர் இருக்கிற வீட்டில் கணவனும் மனைவியும் யார் காதிலும் விழாமல் பேச இடம் கிடைப்பது அரிது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருவருக்கு மட்டும் என்று இருந்தால் பல சண்டைகள் தொடங்குவதே இல்லை.

அப்படிப் பேசும்போது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அவருடைய பெற்றோரிடம் சொல்ல வேண்டியதை அவர் சொல்வார். உங்கள் பெற்றோரிடம் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்வீர்கள். "உங்க மருமக இப்படிச் சொல்றா" என்று தூது போகிற கணவரால் இரண்டு பக்கமும் மனக்கசப்புதான் மிஞ்சும். "அம்மா, நாங்க ரெண்டு பேரும் யோசிச்சோம், அடுத்த மாசத்திலிருந்து பாத்திரம் தேய்க்க ஆள் வெச்சுக்கலாம், சம்பளம் நாங்க தர்றோம்" என்று சொல்லத் தெரிந்த மகன் வீட்டில் இருந்தால் மருமகள் வேலையைத் தொடர்வதில் பாதித் தடை நீங்கிவிடும். கூடத்தில் நாலு பேர் முன்னால் ஒருவரை ஒருவர் திருத்துவதையும் நிறுத்துங்கள். எதுவானாலும் இரவு மொட்டை மாடியில் பேசிக்கொள்ளலாம்.

மாமியாரைப் பற்றிப் பலர் தந்திரம் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முப்பது வருடம் அந்த அடுப்படியை நடத்தியவர் அவர். முதல் சில மாதம் ஒரு டப்பாவைக்கூட இடம் மாற்றாதீர்கள். அவர் கையளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு எத்தனை உழக்கு அரிசி, ரசத்துக்கு எவ்வளவு புளி, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் தலையில் மட்டுமே இருக்கிற அறிவு. அது நோட்டில் ஏறிவிட்டால் வீட்டில் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். அதன் பிறகு ஒரு நேரத்துக்கு ஒரு மாற்றம் கேளுங்கள். கேட்கும்போது பதிலுக்கு எதைச் செய்வீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்: "அத்தை, புதன்கிழமை எனக்கு எட்டரை மணிக்கே மீட்டிங். அன்னிக்குக் காலைச் சமையலை நீங்க பாத்துக்குங்க. சாயங்காலம் நீங்க அடுப்படிப் பக்கமே வர வேணாம், நான் பாத்துக்கிறேன்." இப்படிச் சொன்னால் அவருக்கும் ஒரு மாலை ஓய்வாகிறது.

ஓரகத்தியுடன் பங்கு பிரிப்பது இதைவிட எளிது. ஒரு வாரம் காலைச் சமையல் ஒருவர், மாலைச் சமையல் மற்றவர். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். யாருடைய முறையோ அவர் சமைப்பதுதான் அன்றைக்குச் சாப்பாடு. மற்றவர் உப்புக் காரம் பற்றி வாய் திறக்கக் கூடாது.

இனி அடுப்படி. வார நாட்களில் சமையலுக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது பதார்த்தம் வேண்டும் என்கிறவருக்கு ஊறுகாயும் பருப்புப்பொடியும் தொக்கும் ஞாயிற்றுக்கிழமையே தயாராக இருக்கட்டும். திங்கள் சாம்பார், செவ்வாய் புளிக்குழம்பு, புதன் கீரை மசியல் என்று ஏழு நாளுக்கும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். நாள்காட்டியைப் பார்த்து அமாவாசை, கிருத்திகை, வெள்ளி போன்ற விரத நாட்களையும் அதிலேயே குறித்துவிடுங்கள். "நாளைக்கு என்ன" என்ற கேள்விக்கு ஒவ்வொரு இரவும் பதில் தேடாமல் இருப்பது பெரிய விடுதலை.

அளவு தெரிந்தால் மிச்சமும் குறையும். பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சுமார் 100 கிராம் அரிசி என்று வைத்தால், ஆறு பெரியவரும் நான்கு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு 800 கிராம் போதும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 200 முதல் 250 கிராம். இட்லி மாவுக்கு நாலுக்கு ஒன்று: ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். சனிக்கிழமை மாலை ஒரு முறை, புதன்கிழமை மாலை ஒரு முறை கிரைண்டர் ஓடினால் வாரம் முழுக்கக் காலைப் பலகாரக் கவலை இல்லை. கோடையில் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும் மாவுக்கு மார்கழியில் பன்னிரண்டு மணி நேரமும் போதாது. அந்த மாதத்தில் சீக்கிரமே அரைத்து வையுங்கள். பொங்கியதும் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

காலை அவசரத்தை முந்தின இரவே தணிக்கலாம். சின்ன வெங்காயம் உரிப்பது, பீன்ஸ் நறுக்குவது, தேங்காய் துருவுவது எல்லாம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பத்துக் கையும் சேர்ந்து செய்கிற வேலை. ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டே உரித்தால் அரை மணி. ஐந்து பேர் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் பத்து நிமிடம் ஆகாது. டிபன் பாக்ஸ்களையும் மூடியோடு வரிசையாக வைத்துவிடுங்கள். காலையில் ஒரு குக்கரில் சாதம், இன்னொன்றில் பருப்பு. பிள்ளைகளுக்குக் காரம் சேர்க்கும் முன்னால் ஒரு கிண்ணம், ரத்த அழுத்தம் உள்ள பெரியவருக்கு முழு உப்புப் போடும் முன்னால் ஒரு கிண்ணம் எடுத்துவைத்தால் ஒரே குழம்பு மூன்று விதமாகும். மூன்று முறை தாளிக்க வேண்டாம். மிஞ்சிய சாதத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆறிய சாதத்தில் பெருகும் சில கிருமிகளின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

பிள்ளைகள் அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்தால் காலைச் சாப்பாட்டைப் பள்ளியிலேயே சாப்பிடட்டும். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும் தாய்மாருக்கும் துணையாக வந்த ஒன்று. கௌரவம் பார்க்க எதுவும் இல்லை.

நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிற ஒரு விஷயம், சாப்பிடுகிற வரிசை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை நின்றுகொண்டே வாயில் போட்டுவிட்டு பேருந்துக்கு ஓடுகிற பெண் பதினொரு மணிக்குத் தலை சுற்றி உட்கார்ந்திருப்பாள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. குழம்பின் அடியில் மிஞ்சிய தண்ணியும் ஒரு பிடி சாதமும் அதைக் குணப்படுத்தாது என்பது மட்டும் நிச்சயம். முதல் பந்தியில் அலுவலகம் போகிறவர்கள், ஆணோ பெண்ணோ, எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். கீரையும் முட்டையும் கடலையும் பங்கில் குறையக் கூடாது.

அலுவலகத்தில் தினம் ஒரு வீட்டுக் காரணம் சொல்வதைவிட, நிரந்தரமான நேரத்தை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுவது மரியாதை. "ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன், அதற்கு மேல் வேலை இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள், ஏற்பாடு செய்துவிடுகிறேன்." சொன்னபடி நடந்தால் யாரும் குறை சொல்ல இடமில்லை.

பெரிய குடும்பத்துக்கு விசேஷங்களும் அதிகம். காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கருமாதி. எல்லாவற்றுக்கும் விடுப்பு எடுத்தால் மார்ச்சுக்குள் கணக்குத் தீர்ந்துவிடும். பொங்கல் முடிந்ததும் அந்த ஆண்டின் விசேஷங்களை எழுதி, எதற்கு இருவரும் போவது, எதற்கு ஒருவர் மட்டும், எதற்குப் பெரியவர்கள் மொய்யோடு போனால் போதும் என்று பிரித்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிப்பது, வெளியூர்ப் பயிற்சிக்குப் போவது, பெரிய வேலையை முடித்துக் கொடுப்பது எல்லாவற்றையும் முடிந்தவரை அந்த இரண்டு மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் குழந்தை பிறந்ததும் "வீட்டில் இத்தனை பேர் இருந்தும் இவள் எதற்கு வேலைக்குப் போகணும்" என்ற பேச்சு வரும். "அத்தையால் பார்த்துக்கொள்ள முடியாது, வேலையை விட்டுவிடு" என்ற பேச்சும் வரும். இரண்டுக்கும் உடனே பதில் சொல்லாதீர்கள், உரிமைகளைப் பாருங்கள். மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் வந்த 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கும் தலா 26 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பைத் தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே திருத்தம் சொன்னது. அதோடு, தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை பெற 5 ஆண்டு. நாலரை வருடத்திலும் ஒன்பது வருடத்திலும் ராஜினாமா எழுதுகிற பெண்கள் எதை விட்டுப் போகிறோம் என்று கணக்குப் பார்த்துவிட்டு எழுதட்டும். சம்பளமில்லா விடுப்பு, கிளை மாற்றம், வீட்டிலிருந்தே சில நாள் வேலை என எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்த பிறகே அந்தக் கடிதம்.

பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருக்கும் வார விடுமுறை உண்டு. ஞாயிறு முழுவதும் பெற்றவர்கள் பொறுப்பு. 2023 செப்டம்பரிலிருந்து வருகிற மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் அவர் பெயரில் வந்தால் அதை மளிகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அவர் கைச்செலவுக்கு.

கடைசியாகப் பணம். பொதுச் செலவுக்குச் சம்பாதிக்கிற ஒவ்வொருவரும் அவரவர் வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில், சம்பளம் வந்த மறுநாளே கொடுத்துவிட வேண்டும். மளிகை, பால், எரிவாயு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம், பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு பங்கு என எழுதிய நோட்டு எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். மீதிச் சம்பளம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கட்டும். ஏடிஎம் அட்டையும் அதன் எண்ணும் உங்களிடமே இருக்க வேண்டும். திருமணம் ஆனதும் வருங்கால வைப்பு நிதியில் வாரிசு நியமனத்தைப் புதிதாகக் கொடுக்க மறக்காதீர்கள். திருமணத்துக்கு முன்பு கொடுத்த நியமனத்தை அப்படியே விட்டால் பிற்பாடு அலைச்சல். இணையத்திலேயே பதியலாம், அரை மணி நேர வேலை.