பாட்டியின் கெம்பு அட்டிகை

கேள்வி: பாட்டி காலத்து கெம்பு அட்டிகையைப் பிரித்து நெக்லஸாகச் செய்யலாம் என்று கடைக்குக் கொண்டுபோனோம். “பாதிக்கல் மாணிக்கமே இல்லை. சிலது ஸ்பினல், சிலது சிந்தெடிக். கல்லுக்குக் காசு கிடையாது” என்கிறார் கடைக்காரர். பாலில் போட்டுப் பார்த்தோம், பால் சிவக்கவில்லை. புற ஊதா டார்ச் அடித்தால் எல்லாக் கல்லும் சிவப்பாக எரிகிறது. எதை நம்புவது?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கல்லைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது சரியாகவே இருக்கலாம். காசு கிடையாது என்பதை மட்டும் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பால் சோதனையை விட்டுவிடுங்கள். எந்தக் கல்லும் பாலைச் சிவக்க வைக்காது. டார்ச் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதி விஷயம்தான். மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு, ஸ்பினலில் மக்னீசியமும் உண்டு. இரண்டையும் சிவக்க வைப்பதும், அந்த வெளிச்சத்தில் எரிய வைப்பதும் துளியளவு குரோமியம்தான். செயற்கை மாணிக்கத்திலும் அதே குரோமியம். “எரியுது பாருங்க, அசல் பர்மா” என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். கார்னெட் இப்படி எரியாது. உங்கள் கற்கள் கார்னெட் இல்லை என்பது வரை தெரிந்துகொண்டீர்கள்.

பர்மாவின் மோகோக்கில் மாணிக்கமும் ஸ்பினலும் ஒரே மண்ணில் கிடைக்கும். பார்வைக்குப் பிரிப்பது கஷ்டம். பிரிட்டிஷ் மகுடத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று பெயர் வாங்கிய பெரிய கல்லே ஸ்பினல்தான். கெட்டித்தன்மையில் மாணிக்கம் 9, ஸ்பினல் 8. நல்ல சிவப்பு ஸ்பினலுக்கு இன்று தனி மவுசு. மங்கிய மாணிக்கத்தைவிட அதற்கு அதிக விலை கிடைக்கும். ரத்தினம், உபரத்தினம் என்ற பட்டியலை வைத்து விலை சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

செயற்கைக் கல் வேறு கதை. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயி, அலுமினியம் ஆக்சைடு தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். வேதியியல்படி அது மாணிக்கமேதான். உரசிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. உள்ளே பார்க்க வேண்டும். பத்து மடங்கு லென்ஸில், கிராமபோன் தட்டின் வரிகளைப் போல வளைந்த கோடுகளும் உருண்டைக் காற்றுக் குமிழ்களும் தெரிந்தால் செயற்கை. இயற்கைக் கல்லில் கோடுகள் நேராக, கோணம் திரும்பி ஓடும். பட்டிழை மாதிரி மெல்லிய ஊசிகளும் இருக்கலாம். வளைகோடு தெரிந்தால் அட்டிகை பெரும்பாலும் 1902க்குப் பிற்பட்டது, இல்லையேல் கல் விழுந்த இடத்தில் பின்னால் யாரோ புதுக்கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்குப் பெரிய விலை கிடைக்காது. நகைக்கு உண்டு.

அதனால்தான் பிரிக்க அவசரப்படாதீர்கள் என்கிறேன். பழைய வேலைப்பாட்டில் கல்லுக்கு அடியில் தகடு வைத்து, பின்பக்கம் அரக்கு நிரப்பியிருப்பார்கள். கல்லின் நிறத்தில் பாதி அந்தத் தகடு தருவது. கழற்றியதும் வெளுத்துத் தெரியும். பிறகு “இது சாதாரணக் கல்தானே” என்று சொல்வது எளிது.

முதலில் அட்டிகையைப் பிரிக்காமலே ரத்தினப் பரிசோதனைக்கூடத்தில் காட்டுங்கள். மூடிப் பதித்த கல்லில் சில சோதனைகள் செய்ய முடியாது, ஆனால் பெரும்பாலும் இனம் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகும் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், கற்களை எண்ணி, இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, ரசீதில் மொத்த எடை, கல் எடை, தங்க எடை மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கல் எடை கேரட்டில் இருந்தால் 5 கேரட் 1 கிராம். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; அரக்கு தாங்காது.